கடைசி ஆளின் கணக்கு: சேர்வராயன் மலைப் பாதையில் ஒரு வெள்ளோட்டம்

சேலத்துச் சைக்கிள்காரர்களுக்கு ஏற்காடு புதிய ஊர் அல்ல. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் சற்று நேரம் நின்றால், கோரிமேட்டுப் பக்கம் திரும்பும் சைக்கிள்கள் நாலைந்தாவது கண்ணில் படும். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் அடிவாரம் வழியாக ஏறி, ஏரிக்கரையில் ஒரு டீ குடித்துவிட்டு, ஏறிய சாலையிலேயே இறங்கி, பத்து மணிக்குள் வீடு திரும்பிவிடுவார்கள். மலைக்கு இன்னொரு முகம் இருப்பதை அறிந்திருந்தும், அந்தப் பக்கம் சைக்கிளில் போனவர்கள் குறைவு. எங்கள் ஊர்ச் சைக்கிள் குழு ஒன்று இந்தக் குறையைத் தீர்ப்பதற்காகப் புதிய பாதை ஒன்றை வகுத்திருக்கிறது. அஸ்தம்பட்டியில் புறப்பட்டு, அடிவாரம் வழியாக இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைந்து, அங்கிருந்து 32 கிலோமீட்டர் சுற்றுச்சாலையை முழுமையாகச் சுற்றி, வாழவந்தி, கொட்டச்சேடு வழியாகக் குப்பனூரில் இறங்கி, அயோத்தியாப்பட்டணத்தைத் தொட்டு மீண்டும் அஸ்தம்பட்டிக்கே வந்து சேரும் இப்பாதை, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் நீளமுடையது.

வரும் பங்குனியில் இதை எல்லோருக்குமான ஒருநாள் பயணமாக நடத்த இருக்கிறார்கள். ஆளுக்கு அறுநூறு ரூபாய் கட்டணம். அதில் காலைச் சிற்றுண்டி, வழியில் தண்ணீரும் பழமும், பின்னால் வரும் துணை வண்டி, பழுது பார்ப்பவர் ஒருவர் ஆகியவை அடங்கும். அதற்கு முன்னோட்டமாகத் தை மாதத்து ஞாயிறு ஒன்றில் இருபத்துமூன்று பேரை அழைத்துப் பாதையை ஓட்டிப் பார்த்தார்கள். தேர் செய்தால் முதலில் வெள்ளோட்டம் விடுவது நம் வழக்கம். சக்கரம் எங்கே உரசுகிறது, அச்சு எங்கே முனகுகிறது, எந்தத் தெருமுனையில் தேர் திரும்ப மறுக்கிறது என்பதையெல்லாம் திருவிழாக் கூட்டம் சேர்வதற்கு முன்பே கண்டுகொள்வதற்குத்தான் அந்த ஓட்டம். அன்று எனக்குத் தரப்பட்ட வேலை கடைசி ஆளாக வருவது. யார் பின்தங்கினாலும் அவருக்குப் பின்னால் நான் இருக்க வேண்டும், என்னைத் தாண்டி ஒருவரும் பின்னால் போய்விடக் கூடாது என்பது ஏற்பாடு. ஆகவே இந்த மதிப்புரை முழுவதும் பின்வரிசையிலிருந்து பார்த்ததுதான். ஒரு பாதையை மதிப்பிடுவதற்கு அதைவிடச் சரியான இடம் இல்லை என்பதும் என் கருத்து. வகுத்தவர்கள் அனைவரும் இளைஞர்கள், கால் பலம் உள்ளவர்கள். அவர்கள் கால்களுக்கு இப்பாதை பொருந்துகிறது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. கட்டணம் கட்டி வரப்போகிறவர்களுள் பாதிப் பேராவது அப்படிப்பட்டவர்களாக இருக்க மாட்டார்கள்.

பின்வரிசையில் என்னோடு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் வங்கியில் வேலை பார்க்கும், நாற்பத்தைந்து வயதை நெருங்கும் ஓர் அக்கா. ஓராண்டாகச் சமவெளியில் தவறாமல் சைக்கிள் ஓட்டுபவர், மலை ஏறுவது அதுதான் முதல் தடவை. மற்றவர் பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பி. நேரான கைப்பிடி கொண்ட சாதாரணக் கியர் சைக்கிளில் வந்திருந்தார்.

ஏற்றத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோரிமேட்டைத் தாண்டியதிலிருந்தே சாலை மெல்ல உயரத் தொடங்குகிறது. இருட்டில் அது கண்ணுக்குத் தெரியாது, தொடைக்குத் தெரியும். அடிவாரத்துச் சோதனைச் சாவடியிலிருந்து ஏரிக்கரை வரை என் மீட்டர் காட்டிய தூரம் இருபது கிலோமீட்டர். உயர்வு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். நூறு மீட்டர் போனால் ஐந்து மீட்டர் ஏறுகிறோம் என்பது சராசரிக் கணக்கு. மலையேற்றங்களில் இது கொடுமையானது அல்ல. எழுபது வளைவுகளைக் கொண்ட கொல்லிமலைச் சாலையை ஏறியவர்கள் இதைச் சாதுவான ஏற்றம் என்றே சொல்வார்கள். சாலை அகலமாக இருக்கிறது, தார் நன்றாக இருக்கிறது, வளைவுகளுக்கு எண்ணிட்ட பலகைகள் இருக்கின்றன. அந்த எண்கள் மனத்துக்கு எவ்வளவு பெரிய துணை என்பது மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியவர்களுக்கே புரியும். பதினொன்றாவது வளைவில் அக்கா, “பாதிக்கு மேல வந்துட்டமுங்களா?” என்று கேட்டபோது, பலகையைக் காட்டுவதே போதுமான பதிலாக இருந்தது.

ஆனால் சராசரி என்பது ஆளை ஏமாற்றும். வளைவுகளுக்கு இடையே சில நீண்ட ஓட்டங்களில் ஏற்றம் தணிந்து மூச்சு திரும்புகிறது. வளைவின் உள்விளிம்பிலோ சில மீட்டர் தூரத்துக்குச் சாலை சட்டென்று நிமிர்ந்து நிற்கிறது. நாம் இடப்பக்கம் செல்பவர்கள் என்பதால், இடப்புறமாகத் திரும்பும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அந்த உள்விளிம்புதான் நம் பங்குக்கு வருகிறது. பின்னால் வாகனம் இல்லை என்று திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, சற்று வெளியே விலகி அகலமாகத் திரும்பினால் அந்தச் செங்குத்தைத் தவிர்க்கலாம். அனுபவசாலிகள் இதை யோசிக்காமலே செய்கிறார்கள். புதியவர்கள் விளிம்பை ஒட்டியே போய், முழங்காலுக்கு வேதனை தேடிக்கொள்கிறார்கள். புறப்படுவதற்கு முன் குழுவினர் தந்த விளக்கத்தில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பங்குனியில் வருபவர்களுக்கு அவசியம் சொல்லப்பட வேண்டிய முதல் செய்தி இது.

இரண்டாவது செய்தி கியரைப் பற்றியது. இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. அக்காவின் சைக்கிள் நல்ல சைக்கிள்தான். முன்னால் சிறிய பற்சக்கரத்தில் 34 பல்லும், பின்னால் மிகப் பெரிய பற்சக்கரத்தில் 28 பல்லும் இருந்தன. கடையில் வாங்கும்போது இப்படித்தான் தருகிறார்கள். சமவெளிக்கு இது தாராளம். இந்த அமைப்பில் ஒரு முறை முழுதாக மிதித்தால் சைக்கிள் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு அறுபது மிதி என்பது முழங்காலை வருத்தாத குறைந்தபட்ச வேகம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு ஒன்பது கிலோமீட்டருக்குக் கீழே அவரால் நிதானமாகப் போக முடியாது. நூற்றுக்குப் பத்து என்ற சரிவில், ஆளும் சைக்கிளும் சேர்ந்து எண்பத்தைந்து கிலோ எடை இருந்தால், அந்த வேகத்துக்கு இருநூறு வாட்டுக்கும் மேலான ஆற்றல் வேண்டும். பயிற்சி உள்ள இளைஞர் அதை ஒரு மணி நேரம் தருவார். மற்றவர்களால் சில நிமிடங்களுக்கு மேல் முடியாது. பின்சக்கரத்தில் 28-க்குப் பதிலாக 34 பல் இருந்திருந்தால், அதே அறுபது மிதியில் ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் போயிருக்கலாம். தேவைப்படும் ஆற்றலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். அந்த ஐந்தில் ஒரு பங்குதான் ஏரிக்கரையில் சிரித்துக்கொண்டு இறங்குவதற்கும், பதினான்காவது வளைவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பதற்கும் இடையிலான வேறுபாடு. அக்கா இரண்டு இடங்களில் இறங்கித் தள்ளினார். தம்பியின் சைக்கிள் அவரது சைக்கிளின் விலையில் கால் பங்குகூட இராது. ஆனால் அதில் முன்னால் மூன்று பற்சக்கரங்கள், அவற்றுள் சிறியதில் குறைந்த பற்கள் என்று இருந்தபடியால், அவர் ஒரு இடத்திலும் இறங்கவில்லை. பதிவுப் படிவத்தில் தலைக்கவசம் உண்டா என்று கேட்கிறார்கள், இரத்த வகை கேட்கிறார்கள். பின்சக்கரத்தில் எத்தனை பல் என்றும் கேட்க வேண்டும்.

அந்த நேரத்தில் சாலையில் வாகனங்கள் குறைவாகவே இருந்தன. மலைச்சாலையில் ஏறும் வாகனத்துக்கு இறங்கும் வாகனம் வழிவிட வேண்டும் என்பது விதி. எதிரே இறங்கி வந்த பேருந்தின் ஓட்டுநர், ஒலி எழுப்பாமல் வளைவுக்கு மேலேயே நிறுத்தி எங்கள் மூவரையும் போகவிட்டதை இங்கே நன்றியோடு பதிவு செய்கிறேன். குரங்குகளைப் பற்றியும் ஒரு சொல்: கடலை மிட்டாயைச் சட்டைப் பையில் வெளியே தெரியும்படி வைக்க வேண்டாம்.

நாங்கள் ஏரிக்கரையை அடைந்தபோது மணி ஒன்பது இருபது. அடிவாரத்தில் புறப்பட்டு மூன்று மணி நேரத்துக்கும் மேலாகிவிட்டது. முன்வரிசைக்காரர்கள் ஏழே முக்காலுக்கே வந்துவிட்டார்கள். அந்த ஒன்றரை மணி நேரம் அவர்களுக்கும் இன்பமாகக் கழியவில்லை. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு வெப்பம் ஆறு முதல் ஏழு பாகை வரை குறையும். அதோடு தை மாதத்துப் பனியும் சேர்ந்துகொண்டது. வியர்வையில் நனைந்த சட்டையோடு அசையாமல் நிற்பது உடம்புக்கு ஆகாத காரியம். இரண்டு பேர் பற்கள் கிட்டித்துப்போய், டீக்கடை அடுப்புக்கு அருகில் நின்றுகொண்டிருந்தார்கள். மெதுவாக வந்தவர்களுக்குக் களைப்பு, வேகமாக வந்தவர்களுக்குக் குளிர், இரு தரப்புக்கும் சங்கடம். இருபத்துமூன்று பேரையும் ஒரே நேரத்தில் புறப்படவிட்டதன் விளைவு இது. மெதுவாக ஏறுபவர்களை ஐந்தே கால் மணிக்கும், மற்றவர்களை ஆறரைக்கும் அடிவாரத்திலிருந்து அனுப்பினால் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றாகவே ஏரிக்கரையில் கூடலாம். விளக்கு கட்டாயம் என்று விதித்தால் போதும்.

சிற்றுண்டிக்கு இட்லியும் பொங்கலும் இருந்தன. சூடாகவும் சுவையாகவும் இருந்தன. ஆனால் அளவு போதவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். எண்பத்தைந்து கிலோவை ஆயிரம் மீட்டர் உயர்த்துவதற்கு மட்டும் ஏறத்தாழ இருநூறு கலோரி வேலை நடக்கிறது. நம் உடல் தான் உண்பதில் ஐந்தில் ஒரு பங்கையோ நான்கில் ஒரு பங்கையோதான் அப்படிப்பட்ட வேலையாக மாற்றும், மீதி வெப்பமாகப் போய்விடும். ஆக, ஏறி முடிப்பதற்குள் எண்ணூறிலிருந்து ஆயிரம் கலோரி வரை எரிந்துவிடுகிறது. நான்கு இட்லியும் ஒரு கரண்டிப் பொங்கலும் அதில் பாதியைக்கூட ஈடுகட்டாது. அடிவாரத்திலேயே ஆளுக்கு இரண்டு வாழைப்பழமும் கடலை மிட்டாயும் கொடுத்து, பத்தாவது வளைவில் உப்புச் சர்க்கரைக் கரைசல் வைத்திருந்தால், மேலே வந்து சேர்பவர்களின் முகம் வேறு மாதிரி இருந்திருக்கும். அந்த இருபது கிலோமீட்டருக்குள் தண்ணீருக்கு ஒரு இடம்கூட ஏற்பாடு செய்யப்படவில்லை. பின்னால் வந்த துணை வண்டியை நிறுத்திக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

இனிச் சுற்றுச்சாலை. இந்தப் பாதைக்காகக் குழுவினரை மனதாரப் பாராட்ட வேண்டிய இடம் இதுதான். ஏற்காடு என்றால் ஏரி, படகு, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் என்று நான்கு இடங்களோடு திரும்பிவிடுபவர்கள் இந்த 32 கிலோமீட்டரைப் பார்த்தால் ஊரையே புதிதாகப் பார்த்ததுபோல் உணர்வார்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இம்மலைக்குக் கொண்டுவந்த காபி, இன்று இச்சாலையின் இருபுறமும் சில்வர் ஓக் மரங்களின் நிழலில், தண்டுகளில் மிளகுக்கொடி படர்ந்திருக்க, கண் எட்டும் தொலைவு வரை நிற்கிறது. நாங்கள் போனது பழம் பறிக்கும் காலம். தோட்டத்துக் களங்களில் காபிப் பழங்களைப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். அந்தப் புளித்த, இனித்த மணம் சில இடங்களில் சாலை வரை வந்தது. தலையில் துணி கட்டிய பெண்கள் பறித்த பழங்களைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓர் அம்மா எங்களைப் பார்த்து, “எங்கிருந்து கண்ணு வர்றீங்க, மிதிச்சேவா?” என்று கேட்டதும், அக்காவுக்கு அதுவரை இருந்த களைப்பில் பாதி போய்விட்டது என்று அவரே பிறகு சொன்னார். வண்டியில் போனால் இதெல்லாம் கண்ணாடிக்கு அப்பால் ஓடிவிடும். சைக்கிளின் வேகம் மனிதக் குரல் வந்து எட்டும் வேகம்.

சுற்றுச்சாலை என்ற பெயரைக் கேட்டு இதைச் சமதளம் என்று எண்ணிவிடக் கூடாது. பெரிய ஏற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் ஓயாத சிறு மேடுகளும் பள்ளங்களும் இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளத்திலும் கிடைக்கும் வேகத்தை அடுத்த மேட்டின் அடிவரைதான் கொண்டு போக முடிகிறது, ஏனெனில் நடுவில் எப்படியும் ஒரு குறுகிய திருப்பம் வந்து பிரேக் பிடிக்க வைத்துவிடுகிறது. காட்டுமாடுகள் நடமாடும் பகுதி என்பதையும் வருபவர்களுக்கு அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஒரு திருப்பத்தில் தோட்ட வேலிக்கு உள்ளே இரண்டு நின்றுகொண்டிருந்தன. தொழிலாளர் ஒருவர் கையைக் காட்டி எங்களை நிறுத்தினார்; பத்து நிமிடம் காத்திருந்து, அவை உள்ளே இறங்கிய பிறகே போனோம். அவசரப்பட்டு மணியடித்துக்கொண்டு கடக்கும் இடம் அல்ல அது. நேரக் கெடு விதித்து நடத்தும் பயணத்தில் இப்படிப்பட்ட பத்து நிமிடங்களுக்கு முன்கூட்டியே இடம் விட்டுவைக்க வேண்டும்.

சுற்றை முடித்தபோது பகல் ஒன்று ஆகப் பத்து நிமிடம் இருந்தது. இங்கேதான் ஒரு விவாதம் எழுந்தது. பாதையைத் திருப்பிப் போட்டு, குப்பனூர் வழியாக ஏறி அடிவாரம் வழியாக இறங்கினால் என்ன என்று சிலர் கேட்டார்கள். குப்பனூர்ச் சாலை குறுகலானது, வாகனங்கள் குறைவு. ஏறுபவர்களுக்கு அமைதியாக இருக்கும். அடிவாரச் சாலை அகலமானது, தூரப் பார்வை கிடைக்கும், இறங்குபவர்களுக்குப் பாதுகாப்பு. கேட்பதற்கு இது நியாயமாகவே இருக்கிறது, நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் அடிவாரச் சாலையைப் பார்த்தவர்கள் இதற்கு உடன்பட மாட்டார்கள். சுற்றுலா வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருக்கும். முந்துவதற்காக வளைவிலேயே வலப்பக்கம் வருபவர்கள் அவர்களில் இருப்பார்கள். அவர்களுக்கு நேர் எதிரே சைக்கிளில் இறங்குவது அகலத்தை நம்பிச் செய்யத் தக்க செயல் அல்ல. விடியலில் வெறுமையாகக் கிடக்கும் சாலையில் ஏறி, நண்பகலில் வெறுமையாகக் கிடக்கும் சாலையில் இறங்குவது என்ற குழுவின் தேர்வே சரியானது. திசையை மாற்ற வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஆனால் அந்த இறக்கத்துக்கு அவர்கள் தந்த மரியாதை போதாது.

எல்லோரும் ஏற்றத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், ஏற்றத்துக்காகப் பயிற்சி செய்கிறார்கள். ஏறிய பிறகு எல்லாம் முடிந்தது, இனி உருண்டு வர வேண்டியதுதானே என்று எண்ணிக்கொள்கிறார்கள். மூன்று மணி நேரம் தொடைகள் உழைத்துச் சேமித்த ஆற்றல் முழுவதையும் ஒரு மணி நேரத்தில் காற்றும் பிரேக்கும் சேர்ந்து செலவழிக்க வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், இறக்கம் எவ்வளவு பெரிய வேலை என்பது தெரியும். அந்த வேலையைச் செய்வது கால்கள் அல்ல, கைவிரல்கள். குப்பனூர்ச் சாலையில் நேரான ஓட்டங்கள் குறைவு. திருப்பத்துக்குத் திருப்பம் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அக்காவின் கைகள் சிறியவை. அவருடைய பிரேக் பிடி பெரிய கைகளுக்கு ஏற்ற இடைவெளியில் இருந்தது. விரல் நுனிகளால் மட்டுமே எட்டிப் பிடிக்க முடிந்தது. கால்வாசி தூரம் இறங்குவதற்குள் அவருடைய வலக்கை மரத்துவிட்டது. “விரல் மடங்க மாட்டேங்குதுங்க, நான் நிறுத்திக்கிறேன்” என்று சொல்லி ஓரமாக நின்ற அவரது முகத்தில் நான் கண்ட அச்சம், ஏற்றத்தில் ஒரு நொடியும் இல்லாதது. இறங்கும் சாலையில் பிரேக் பிடிக்க முடியாத நிலையைவிடப் பெரிய ஆபத்து சைக்கிளில் கிடையாது. பெரும்பாலான பிரேக் பிடிகளில் இடைவெளியைக் குறைப்பதற்கு ஒரு சிறிய திருகு இருக்கிறது. என்னிடமிருந்த சாவியால் அதைத் திருகிக் கொடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதன் பிறகு கொட்டச்சேடு வரை அவர் தடையில்லாமல் இறங்கினார். அந்தத் திருகைப் பற்றி ஓராண்டாக அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். புறப்படும் இடத்தில் பழுது பார்ப்பவர் ஒவ்வொரு சைக்கிளிலும் காற்றைப் பார்த்தார், செயினைப் பார்த்தார். விரல் எட்டுகிறதா என்று எவரிடமும் கேட்கவில்லை.

சக்கரத்தின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் பழைய முறைப் பிரேக் உள்ளவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் விளிம்பு சூடாகும். அந்தச் சூடு ட்யூபுக்குப் போகும். பழைய ஒட்டு இருந்தால் அங்கே விட்டுப்போகும். எங்களுக்கு முன்னால் போன ஒருவருக்கு அப்படித்தான் பின்சக்கரம் காற்றிழந்தது. அது முன்சக்கரமாக இல்லாமல் போனதும், திருப்பத்தில் நேராமல் நேர்ச்சாலையில் நேர்ந்ததும் அவரது நல்ல காலம். திருப்பத்துக்கு முன்பே அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, திருப்பத்தில் விட்டுவிட்டு, விளிம்புக்கு ஆற நேரம் கொடுப்பதே சரியான முறை. வேகம் இரு மடங்கானால் நிற்பதற்குத் தேவையான தூரம் நான்கு மடங்காகும் என்பதும் எல்லோருக்கும் நினைவில் இருக்க வேண்டும். திருப்பங்களின் ஓரங்களில் மணலும் சில்வர் ஓக் சருகும் ஒதுங்கிக் கிடந்தன. முந்தைய நாள் ஒரு முறை பெருக்கியிருந்தாலோ, குறைந்தது அந்த இடங்களில் கொடி நட்டிருந்தாலோ போதும், இரண்டும் இல்லை. வாழவந்தியிலும் கொட்டச்சேட்டிலும் கட்டாயமாகப் பத்து நிமிடம் நிறுத்த வேண்டும் என்ற விதி வைத்தால் விளிம்பும் ஆறும், விரலும் ஆறும்.

குப்பனூரிலிருந்து அஸ்தம்பட்டி வரையிலான கடைசிப் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சாலை தட்டை, வெயில் நேர், அயோத்தியாப்பட்டணத்துக்குப் பிறகு நகரத்து நெரிசல். நாங்கள் மூவரும் மூன்றரை மணிக்கு வந்து சேர்ந்தோம். குழு விதித்த கெடு பகல் ஒன்றரை மணி. இருபத்துமூன்று பேரில் பதின்மூன்று பேர்தான் அதற்குள் முடித்தார்கள். வெள்ளோட்டத்துக்கு அழைக்கப்பட்டவர்களிலேயே பத்துப் பேர் கெடுவைத் தவறவிட்டால், கெடுவைத்தான் திருத்த வேண்டும். அதுவும் தை மாதத்தில். பங்குனி வெயிலில் பிற்பகல் இரண்டு மணிக்கு, நூறு கிலோமீட்டரின் கடைசி இருபதைச் சேலம் சமவெளியில் ஓட்டச் சொல்வது உடல்நலத்தோடு விளையாடுவதாகும். மலையில் இருந்த குளிர்ச்சி குப்பனூரில் இறங்கியதும் மறைந்துவிடுகிறது. உடல் அதற்குப் பழகுவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிடுகிறது. இப்பயணத்தை மாசி முதல் வாரத்துக்கு முன்கொண்டு வர வேண்டும். இயலாவிட்டால், பயணத்தைக் குப்பனூரிலேயே முடித்து, சைக்கிள்களைச் சரக்கு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து தர வேண்டும்.

சேவையைப் பொறுத்தவரை நிறைகளையும் சொல்ல வேண்டும். துணை வண்டியின் ஓட்டுநர் மிகப் பொறுப்பானவர். நாள் முழுவதும் எங்களுக்குப் பின்னால் பொறுமையாக வந்தார், ஒரு முறைகூட “ஏறிக்கிறீங்களா” என்று அவசரப்படுத்தவில்லை. அலைபேசித் தொடர்பு விட்டுவிட்டுக் கிடைக்கும் சுற்றுச்சாலையில் அவரது வண்டியின் சத்தமே எங்களுக்குத் தைரியம். தண்ணீர் பெரிய கேன்களில் வைக்கப்பட்டு, எங்கள் பாட்டில்களில்தான் நிரப்பப்பட்டது. மலையில் ஒரு பிளாஸ்டிக் குவளைகூட எங்களால் விழவில்லை. வழிகாட்டும் அம்புக்குறிகள் ஏரிக்கரை வரை தெளிவாக இருந்தன. சுற்றுச்சாலையில் இரண்டு பிரிவுகளில் இல்லாமல் போனதால், நாங்கள் ஊர்க்காரர்களைக் கேட்டுத்தான் திரும்பினோம்.

மூன்று மாற்றங்களை மட்டும் நான் குழுவிடம் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன்: அடிவாரத்தில் இரண்டு நேரங்களில் புறப்பாடு, சுற்றுச்சாலையை விரும்பியவர்களுக்கு மட்டும் உரியதாக்கி, பத்து மணிக்குப் பிறகு ஏரிக்கரைக்கு வருபவர்களைச் சுற்றுக்கு அனுப்பாமல், சற்று இளைப்பாறவிட்டு நேரே குப்பனூருக்கு அனுப்புவது, புறப்படும் முன் ஒவ்வொருவருடைய பிரேக் பிடியையும் அவரவர் விரலுக்கு ஏற்றுத் தருவது. முதலிரண்டையும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், மூன்றாவதற்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மாதத்தைப் பற்றி இன்னும் முடிவு சொல்லவில்லை. இவை நிறைவேறினால் அறுநூறு ரூபாய்க்கு இதைவிட நிறைவான ஒரு நாளைச் சேலத்தைச் சுற்றி எங்கும் பெற முடியாது என்று நம்பி, தயங்காமல் பரிந்துரைப்பேன். சுற்றுச்சாலைக்காக மட்டுமே இருமுறை வரலாம்.

அக்கா சென்ற வாரம் பின்சக்கரத்தை 34 பல்லுக்கு மாற்றிவிட்டார். அவரும் தம்பியும் பதிவு செய்துவிட்டார்கள். அடிவாரத்தில் முதல் தொகுதியோடு, ஐந்தே காலுக்கு, நானும் கடைசி ஆளாக ஏறுவதாகச் சொல்லியிருக்கிறேன்.